அக்காவின் கைக்கு ஒரு டச்பேட்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சாமானைத் திருத்துகிறேன் என்று சொல்லி ஓடாமல் ஆக்குவதில் என்னை மிஞ்ச எங்கள் தோட்டத்தில் ஆள் கிடையாது. யாரோ சொல்லிக் கேட்டு இதை எழுதவில்லை, என் வாயாலேயே ஒப்புக்கொள்கிறேன். காற்றுக்கு மடங்கிக்கொண்டிருந்த குடையை உறுதியாக்கப் போய் விரியவே விரியாத குடையாக்கினேன். தெளிவாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் ஏரியலை நீட்டிவிட்டேன். அன்றிலிருந்து அது எல்லா நிலையங்களிலும் மழை பெய்யும் சத்தத்தை மட்டுமே ஒலிபரப்பியது. "மழைக்கா நமக்குப் பஞ்சம், அதை ரேடியோவுலயும் கேக்கணுமா?" என்று அம்மா கேட்டார்.

இவையெல்லாம் சில்லறைக் குற்றங்கள். என் பெரிய மடத்தனம் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு சாம்பல் நிறத் தகட்டின் மேல் நடந்தது. மடிக்கணினியில் எழுத்துக் கட்டைகளுக்குக் கீழே இருக்குமே, விரலால் தடவினால் திரையில் அம்பு நகருமே, அந்த டச்பேட். அதைத் திருத்தப் போய் என் அக்காவுக்குக் கிடைக்க இருந்த வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேசனில் இறங்கி முக்கால் மணித்தியாலம் ஏறினால் எங்கள் லயம், காம்பரா காம்பராவாக ஒட்டிக் கட்டிய தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கொழும்பில் கடை வேலை செய்த கூட்டாளி ஒருவன் தன்னுடைய பழைய மடிக்கணினியை என்னிடம் தள்ளிவிட்டான். தள்ளிவிட்டான் என்பதுதான் சரியான சொல். அதற்குள் குடியிருந்த வைரஸ்களை எண்ணியிருந்தால் எங்கள் டிவிசனின் ஜனத்தொகையைத் தாண்டியிருக்கும்.

கேட்டவர்களுக்கெல்லாம் லினக்ஸ் குறுந்தட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பும் புண்ணியவான்கள் அப்போது வெளிநாட்டில் இருந்தார்கள். எழுதிப் போட்டேன். ஆறு வாரம் கழித்து வந்து சேர்ந்தது. எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வரும். பெரிய கிளாக்கர் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், படமா?"

"இல்லீங்கய்யா, லினக்ஸ்."

"சண்டப் படமா?"

"போட்டுப் பாத்தாத்தாங்க தெரியும்," என்றேன். பின்னால் நடந்ததை நினைத்தால், அன்றைக்கு என்னை அறியாமல் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

லினக்ஸ் ஏறியது, வைரஸ்கள் காலி செய்துகொண்டு போயின, டச்பேடும் சொன்ன பேச்சைக் கேட்டது. நான் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் லினக்ஸில் எதை வேண்டுமானாலும் உன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கோ வாசித்துவிட்டேன். என்னிடம் அப்படிச் சொல்வது, ஆட்டிடம் போய் மரக்கறித் தோட்டத்துக் கடவை திறந்திருக்கிறது என்று சொல்வது மாதிரி.

எங்களுக்கு இன்டர்நெட் என்பது ஹட்டனில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலை, எங்கள் பாஷையில் கோச்சியை, பிடித்து ஹட்டனுக்குப் போவேன். அங்கே ஒரு கடையின் மாடியில் மணிக்கணக்குக்கு விடும் கணினியில் உட்கார்ந்து, டச்பேடை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கலாம் என்று உலகத்துப் பைத்தியங்கள் எழுதிவைத்திருப்பதை வாசித்து, வரி வரியாக, தடித்த அட்டை நோட்டான ஒரு சீஆர் கொப்பியில் எழுதிக்கொண்டு திரும்புவேன். லயத்துக்கு வந்ததும் கொப்பியைப் பார்த்துக் கணினியில் தட்டுவேன். ஓடாது. அடுத்த ஞாயிறு வரை ஓடாது. ஒருமுறை ஒரேயொரு மேற்கோள் குறியைக் கொப்பியில் எழுத விட்டுவிட்டேன். அதற்குத் தண்டனையாக ஒரு வாரம் முழுக்கக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்து, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒன்றும் பேசாமல் போனார்கள்.

ஆனால் ஓடிவிட்டால் இருக்கிறதே! டச்பேடின் ஓரத்தில் தடவினால் பக்கம் உருளும். வட்டம் வட்டமாக, தோசைக்கல்லில் மாவைப் பரப்புகிற மாதிரி சுற்றினால் இன்னும் வேகமாக உருளும். வலது மூலையில் தட்டினால் கணிப்பான் திறக்கும், இடது மூலையில் தட்டினால் மூடும். இத்தனைக்கும் என்னிடம் கணிப்பானுக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. திறந்து மூடி, திறந்து மூடிச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அதன் உணர்ச்சியை எந்த அளவுக்கு ஏற்றிவிட்டேன் என்றால், ஒருநாள் ஈ ஒன்று வந்து உட்கார்ந்து, கல்விக் காரியாலயத்துக்கு நான் அரைவாசி எழுதிவைத்திருந்த கடிதத்தை மூடிவிட்டுப் பறந்து போனது. கோபமே வரவில்லை. ஈயைக்கூட மதிக்கிற மெஷின் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்ணி எண்ணித்தான் பேசுவார், சிரிப்பதற்கும் கணக்கு வைத்திருந்தார். என்னுடைய சீஆர் கொப்பியை ஒருநாள் புரட்டிப் பார்த்தார்.

"இதென்ன ஐசே, மந்திரமோ?"

"டச்பேட் செட்டிங் சேர். இப்ப வட்டமா சுத்தினாலும் ஓடுது."

"முந்தி ஓடேல்லையோ?"

"முந்தியும் ஓடுச்சு சேர்."

கொப்பியை மூடி என் கையில் தந்தார். "உமக்கு விசர் ஐசே," என்றார். வகுப்புக்குப் போய்விட்டார்.

இப்படியே நான் என்பாட்டுக்குப் பைத்தியமாக, அவர் சொன்ன விசரனாக, இருந்திருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. அப்போதுதான் அக்கா வந்தாள்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள், எங்களுக்கு இரண்டு காம்பரா தள்ளித்தான் அவள் வீடு. இருபது வருடமாகக் கொழுந்து பறித்தவள். அந்த வருடம் அவளுடைய வலது முழங்கால் அவளோடு கோபித்துக்கொண்டது. மேல்மலைக்கு ஏறும்போது ஒன்றும் செய்யாது. கொழுந்துக் கூடையோடு இறங்கும்போதுதான் சதி செய்யும். அக்கா நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கி வருவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருநாள் அவள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து சேரும்போது நிறுத்து முடித்துத் தராசைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு உதவியாளர் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. மலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் ஒவ்வொரு பிள்ளைக்காம்பராவுக்கும் ஒரு மடிக்கணினி கொடுக்கப் போகிறது. உதவியாளராக வருகிறவர் பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து எடையை அதில் பதிய வேண்டும். மூன்று வாரத்தில் ஹட்டனில் நேர்முகப் பரீட்சை, பத்துப் பிள்ளைகளின் விபரத்தை இருபது நிமிடத்தில் பதிந்து காட்ட வேண்டும்.

அக்கா வாசலில் நின்றுகொண்டே சொன்னாள். "தம்பி, ஒன் மிசின்ல என்னமோ போட்டு வச்சிருக்கேன்னு சொல்லுவியே, லினக்ஸு, அதேதானாம்டா அவங்க குடுக்கப் போறதும். கண்டாக்கையா சொன்னாரு."

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொன்னால் அது ஆபீஸ் செய்திதான். நான் பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பத்துக்கு மேற்பட்ட தோட்டங்களில் லினக்ஸ் வைத்திருக்கிற ஒரே மனிதன் நான். ஊரே கேலி செய்த என்னுடைய கலைக்கு வேளை வந்துவிட்டது!

"அக்கா, அந்த வேல ஒனக்குத்தான். எழுதி வச்சுக்க."

"நீ மொதல்ல கைய வச்சுக் கெடுக்காம சொல்லிக் குடு," என்றாள் அக்கா. என்னைத் தூக்கி வளர்த்தவள் அல்லவா.

அவள் மலையிலிருந்து வந்து குளித்து, தேத்தண்ணி குடித்து முடிய, பொழுது இறங்குவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும். பரீட்சையில் வருவது மாதிரியே ஒரு படிவம் செய்து வைத்தேன். பெயர், லயத்து நம்பர், வயது, எடை என்று நான்கு கட்டங்கள், கடைசியில் 'அடுத்த பிள்ளை' என்று ஒரு பொத்தான். அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்தும் இலக்கமும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டச்பேடில் விரலை வைத்தாள். அம்பு அசையவில்லை.

"நல்லாத் தடவுக்கா."

"தடவிக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

என் விரலை வைத்தேன், ஓடியது. அவள் விரலை வைத்தாள், நின்றது. ஈயை மதித்த மெஷின் அக்காவை மதிக்கவில்லை! (ஈ விவகாரத்துக்குப் பிறகு அதன் உணர்ச்சியை நான்தான் பயந்து பழைய அளவுக்கே இறக்கி வைத்திருந்தேன் என்பதும், இறக்கியதைக் கொப்பியில் குறித்து வைக்கவில்லை என்பதும் வேறு கதை.) அக்காவின் விரல் நுனிகள் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, காய்ச்சுப் போய், மாட்டுக் கொம்பு மாதிரி இருந்தன. டச்பேடுக்கு எவ்வளவு பட்டால் அதை விரல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளே ஒரு எண் எழுதியிருக்கும். அந்த எண்ணின் கணக்குப்படி என் அக்காவுக்கு விரல்களே கிடையாது.

அவள் பொறுமை இழந்து இன்னொன்று செய்தாள். பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வைத்து, கொழுந்து கிள்ளுகிற மாதிரி அந்தத் தகட்டை ஒரு கிள்ளு கிள்ளினாள். இரண்டு விரல் பட்டால் பட்டியல் ஒன்று திறக்கும்படிதான் எல்லா மெஷினும் இருக்கும். காய்ச்சுப்போன நுனிக்குப் பதில் விரல்களின் பக்கவாட்டுச் சதை பட்டிருக்க வேண்டும், படக்கென்று திறந்தது.

"இதென்னடா, குட்டி போட்டுருச்சு?"

"மூலையில இருக்குற கட்டைய அமுக்குக்கா, போயிரும்."

அமுக்கினாள், போனது. மறுபடி கிள்ளினாள், மறுபடி குட்டி போட்டது. ஒவ்வொரு முறை கிள்ளிய பிறகும் அவளுடைய கை தானாகத் தோளுக்குப் பின்னால் போய் வந்தது. அங்கே கூடை இல்லை. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அக்காவும் சிரித்தாள், சிரித்து முடித்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

எனக்கு அப்போதே வழி தெரிந்துவிட்டது. ஒற்றை விரலால் தொடும்படி அக்காவைப் பழக்குவது என்பது எந்தச் சாதாரண மனிதனுக்கும் தோன்றியிருக்கும். எனக்கு, அக்காவின் கைக்கு ஏற்றபடி டச்பேடைப் பழக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த யோசனை வந்த வேகத்தில் ஞாயிறு வரை காத்திருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டு ஹட்டனுக்கு ஓடினேன். விரலை அறியும் எண்ணை மாற்றும் விதம், இரண்டு விரல் பட்டால் பட்டியலுக்குப் பதிலாக நேரே 'தேர்ந்தெடு' என்று எடுத்துக்கொள்ளும் விதம் எல்லாவற்றையும் கொப்பியில் ஏற்றினேன். அத்தோடு நிற்காமல், எழுத்து அடிக்கும்போது உள்ளங்கை தவறிப் பட்டுவிடாதபடி டச்பேடைத் தற்காலிகமாக அணைத்துவைக்கும் ஒரு வித்தையையும் கண்டேன். அது என்னிடம் யாரும் கேட்காத வித்தை. அதனால்தான் அதை முதலில் செய்து பார்த்தேன்.

அணைந்தது. தற்காலிகம் என்பதை மட்டும் அது ஒத்துக்கொள்ளவில்லை. மெஷினைப் பூட்டித் திறந்தேன், பற்றரியைக் கழற்றி மாட்டினேன், தகட்டைச் சாரத்து நுனியால் துடைத்தேன், காதோடு காதாகக் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். செத்த தகடு செத்ததுதான். மறுநாள் கோச்சி பிடித்துப் போனால் போயா தினம், பௌர்ணமி லீவு, கடை பூட்டு. அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. இப்படி நான்கு நாள் போனது.

அந்த நான்கு நாளும் அக்கா ஒழுங்காக வந்தாள். டச்பேட் செத்த செய்தியைக் கேட்டதும் என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். மெஷின் முன்னால் குந்தி, நான் சாம்பிராணி போடாத குறையாகத் துடைத்து வைத்திருந்ததைத் தானும் முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். துடைக்கும்போது இடது கைப் பக்கத்துக் கட்டை ஒன்று அமுங்கியது. பெயர்க் கட்டத்தில் நின்ற கோடு லயத்து நம்பர்க் கட்டத்துக்குத் தாவியது.

"தம்பி, இங்க பார்றா. இத அமுக்குனா பக்கத்து வீட்டுக்குப் போகுது."

மறுபடி அமுக்கினாள், வயது. மறுபடி, எடை. மறுபடி அமுக்கினால் 'அடுத்த பிள்ளை' என்ற பொத்தானைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. பெரிய கட்டையைத் தட்டினாள், அடுத்த பிள்ளை வந்துவிட்டது.

"நெர மாதிரியே இருக்குடா," என்றாள். மலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். செடி செடியாகப் பறித்துக்கொண்டு போய், நிரை முடிந்ததும் அடுத்த நிரையைப் பிடிக்க வேண்டும். அன்றிலிருந்து நான்கு நாளும் டக் டக் என்று அக்கா நிரை பிடித்தாள். எங்கள் லயத்துப் பிள்ளைகள் முடிந்து, மேல் லயத்துப் பிள்ளைகள் முடிந்து, கல்யாணம் கட்டிப் போனவர்களையும் பிள்ளைகளாக்கிப் பதிந்தாள். என் எடையையும் பதிந்தாள். அதில் பாதி கொழுப்பு என்று ஒரு கட்டம் இல்லையே என்று வருத்தப்பட்டாள்.

ஐந்தாம் நாள் நான் ஹட்டனுக்குப் போய்ச் செத்த தகட்டுக்கு உயிர் வாங்கி வந்தேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றினேன். விரலை அறியும் எண்ணை இறக்கு இறக்கென்று இறக்கி, இதுவும் விரல்தான் என்று மெஷினுக்குச் சொல்லி வைத்தேன். இரண்டு விரல் பட்டால் தேர்ந்தெடு. அக்கா வந்து உட்கார்ந்து கிள்ளினாள்.

ஐயோ, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கொம்பு விரலுக்கு அம்பு வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போனது. போன இடத்தில் ஒரு கிள்ளு, கட்டம் திறந்தது. எழுத்து, கிள்ளு, எழுத்து, கிள்ளு. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் ஒன்றுதான். வலது கை எழுத்தில் இருந்தால் இடது கை கிள்ளியது, இடது கை எழுத்துக்குப் போனால் வலது கை வந்தது. எங்கள் இஸ்தோப்பில், காம்பரா வாசல் திண்ணையில், ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. நான் கூட்டத்தின் நடுவில் நின்று, மெஷினைப் பெற்றெடுத்தவன் மாதிரி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் ஒருமுறை அக்கா பழக்கத்தில் அந்த இடது பக்கத்துக் கட்டையைத் தட்டிவிட்டாள்.

"அக்கா! அதத் தொடாத. அதெல்லாம் டச்பேட் இல்லாதவங்க செய்யிற வேல."

"சுருக்கா இருக்குடா அது."

"இது அழகா இருக்குல்ல?"

எனக்காகத்தான் அவள் அந்தக் கட்டையை விட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே இரண்டு விரலால் கிள்ள வேண்டும் போலிருக்கிறது.

பரீட்சை நாள் வந்தது. அக்கா கல்யாணச் சேலையைக் கட்டி, தலையில் பூ வைத்து, கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தாள். கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவப் போனவளை நான்தான் தடுத்தேன். எண்ணெய் டச்பேடுக்கு ஆகாது என்று பெரிய மேதை மாதிரி சொன்னேன். வட்டகொடை மேடையில் கோச்சிக்கு நிற்கும்போது கணித சேர் வந்தார், அவருக்கு ஹட்டன் கல்விக் காரியாலயத்தில் வேலை.

"எங்க ஐசே, குடும்பமாய் வெளிக்கிட்டாச்சு?"

"அக்காவுக்கு இன்டர்வியூ சேர். கம்ப்யூட்டர்ல புள்ளைங்க எடை பதியணும். கலக்கிருவா. டச்பேட அவ கைக்கே அளவெடுத்துத் தச்சு வச்சிருக்கேன்."

"ஓ. அப்ப உம்மட கொம்பியூட்டரையோ கொண்டு போறீர்?"

"அது எதுக்கு சேர்? அவங்ககிட்டயே ஒன்னு இருக்கு."

அவர் மேடைக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்த மூடுபனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கணக்கின் கடைசி வரியைப் பலகையில் எழுதுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "அப்ப, அதின்ர டச்பேட்டையும் நீரோ திருத்தி வைச்சனீர்?"

கோச்சி வந்தது. நானாக ஏறினேனா, யாராவது ஏற்றிவிட்டார்களா என்று எனக்கு ஞாபகமில்லை.

மூன்று வாரம்! மூன்று வாரமாக என் மெஷினைத் திருத்திவிட்டு, அக்காவைத் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கே இருக்கும் டச்பேடுக்கு அக்காவின் விரல் விரலாகத் தெரியாது. கிள்ளினால் குட்டி போடும். தலவாக்கலை தாண்டும்வரை சீஆர் கொப்பியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"என்னடா மூஞ்சி செத்துக் கெடக்கு? பசிக்குதா? ரொட்டி இருக்கு."

"அக்கா, அங்க போயி ஒத்த வெரல வச்சுப் பாக்குறியா?"

"ஏன்? நீதான கிள்ளச் சொன்ன?"

"சும்மா. ஒரு மாத்தத்துக்கு."

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். "என்னடா பண்ணித் தொலைச்ச?"

ஹட்டனுக்குக் கொஞ்சம் முன்னால் நீளமான சுரங்கம் ஒன்று வரும், எங்கள் பெட்டியில் விளக்கும் கிடையாது. அந்த இருட்டுக்காகக் காத்திருந்து, அதற்குள் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. சக்கரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி ஒப்புக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. வெளிச்சம் வந்தபோது அக்கா ரொட்டிப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். முழங்காலை மட்டும் ஒருமுறை தடவிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மண்டபத்தில் ஆறு பெண்கள், மேசையில் ஒரு மடிக்கணினி. பரீட்சை வைக்க வந்த மேடம் சிங்களவர், தமிழை நிதானமாக, சொல் சொல்லாக எடுத்து வைத்தார். நான் சீஆர் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மேடம், இந்த மிசின்ல ரெண்டே ரெண்டு வரி மாத்திக்கிட்டா..."

அவர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் இப்படிப்பட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

"மல்லி, கை வைக்க வேணாம். வெளிய நில்லுங்க."

சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. அந்த நாளில் என்னை யாரும் அதைவிட மரியாதையாகக் கூப்பிடவில்லை. வெளியே வந்து, பனி படிந்த ஜன்னல் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்து முகத்தை ஒட்டிக்கொண்டேன். முதலில் ஹட்டனில் கணினி வகுப்புக்குப் போன ஒரு பிள்ளை பதினெட்டு நிமிடத்தில் முடித்தாள். அடுத்த மூன்று பேருக்கு நேரம் போதவில்லை. ஐந்தாவது அக்கா.

மேடம் படிவத்தைத் திறந்து வைத்து, பத்துப் பிள்ளைகளின் விபரம் எழுதிய தாளைக் கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா ஒற்றை விரலை வைத்தாள். அம்பு அசையவில்லை. அழுத்தினாள், அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவளை அறியாமல் கை கிள்ளியது. குட்டி போட்டது. மூலைக் கட்டையை அமுக்கி அதை விரட்டினாள். கை தோளுக்குப் பின்னால் போய் வந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டு எதையோ எழுதினார்.

நான் வெளியே நின்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினேன். மெதுவாக வை, சாய்த்து வை, எச்சில் தொட்டு வை என்று என்னென்னவோ அபிநயம் பிடித்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் ஆடிய ஆட்டத்தை முழுதாகப் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டு, பெயர்கள் எழுதிய அந்தத் தாளை எடுத்து டச்பேடின் மேல் வைத்து அதை மூடினாள். பொட்டலம் கட்டுகிற மாதிரி நீவிவிட்டாள்.

டக்.

கண்ணாடிக்கு வெளியே சத்தம் கேட்காதுதான், ஆனால் எனக்குக் கேட்டது. பெயர், டக். லயம், டக். வயது, டக். எடை, டக். பெரிய கட்டை. அடுத்த நிரை. நான் தொடாதே என்ற கட்டை! இரண்டு கையும் மேலே ஓட, தாளில் இருந்த பெயர்களைக் குனிந்து வாசித்துக்கொண்டே போனாள். எட்டாவது பிள்ளையில் மேடம் எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார். பத்தாவது பிள்ளை முடிந்தபோது கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். நான் வெளியே குதித்ததில் கால் சறுக்கி, மழைத் தண்ணி ஓடும் கானுக்குள் இறங்கிவிட்டேன். சேற்றோடு எழுந்து மறுபடி குதித்தேன்.

மேடம் வாசல்வரை அக்காவோடு வந்தார்.

"டச்பேட் தொடவே இல்லயே? யார் இப்பிடிப் படிச்சுக் குடுத்தது?"

நான் சேற்றுச் சாரத்தோடு நெஞ்சை நிமிர்த்தினேன்.

"யாரும் இல்லீங்க மேடம்," என்றாள் அக்கா. "இவன் மிசின ஒடச்சுப் போட்டுட்டு நாலு நாளு முழிச்சுக்கிட்டு இருந்தான். அப்ப நானாப் படிச்சதுங்க."

மேடம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பும் கோச்சியில் ரொட்டி முழுவதையும் நானே தின்றேன். அக்கா தடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலைப் பெரட்டில், மலைக்கு ஆள் பிரிக்கும்போது, கண்டாக்கு ஐயா அக்காவின் பெயரைத் தனியாக வாசித்தார். இன்று முதல் மலைக்கு வேண்டாம், பிள்ளைக்காம்பராவுக்கு. அக்கா கூடையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "போ, ஒனக்கு லீவு," என்றாளாம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். செய்தி கேட்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காரணமே சொல்லாமல் அரை மணி நேரம் விளையாட விட்டேன். கணித சேர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, அன்றைய கணக்கிலிருந்து ஒரு சிரிப்பை எடுத்து எனக்குத் தந்தார்.

பிள்ளைக்காம்பராவுக்கு மெஷின் வந்து சேர்ந்த அன்று பின்னேரம், சீஆர் கொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நான் போனேன். அலமாரியின் மேல் புத்தம் புதிதாக, பொலித்தீன்கூடக் கழற்றாமல் இருந்தது. அதன் டச்பேட், அடடா, என்னுடையதைவிடப் பெரிது, ஓரங்களில் வெள்ளிக் கோடு வேறு. என் விரல்கள் தாமாகவே துடித்தன. அக்கா மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, காலால் ஒரு சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் இன்னொன்று வீரிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றேன் மெதுவாக, கொப்பியை விரித்தபடி. "ரெண்டே ரெண்டு வரிதான். மாத்திட்டேன்னா நீ மறுபடி அழகாக் கிள்ளலாம்."

அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அத விட்டுட்டு இந்தத் தொட்டில ஆட்டு."